வெனிஸ் நகரம் கண்டோம்



இத்தாலி நாட்டு வெனிஸ் நகரை முதன்முறையாகக் கண்டு வந்தோம். 1846-இல் திறக்கப்பட்ட நீண்ட பாலத்தின்மீது, இருமருங்கும் நீர் சூழ, ரயில் நகரை அடைந்தது. நிலையத்தின் வாயிலில் படிக்கட்டு. படிக்கட்டின் கீழே பெருங்கால்வாய்! அங்கே பஸ்ஸும் படகே, ஆம்புலன்ஸும் படகே. சேற்றில் நெருக்கமாக அறைந்த மரக்கழிகளே மாளிகைகளைத் தாங்குகின்றன.

1966 நவம்பரில் கடல்நீர் 194 செண்டிமீட்டர் உயர்ந்து நகரை மூழ்கடித்தது. 2020 முதல் எஃகுக் கதவுகள் எழுந்து அக்கடலைத் தடுக்கின்றன. ஆனால் வெளியேறும் மக்களைத் தடுக்கக் கதவு ஏது? ரியால்டோ பாலத்தருகே மருந்துக்கடை ஒன்றின் சாளரத்தில், நகரவாசிகளின் தொகையைக் காட்டும் எண்பலகை உள்ளது. 1951-இல் ஏறத்தாழ 1,75,000 பேர் வாழ்ந்த பழைய நகரில், 2022-இல் 50,000 பேர்கூட இல்லை. எங்களைப் போன்ற பயணிகளுக்காக வீடுகள் விடுதிகளாயின, வாடகை ஏறிற்று, குடியிருந்தோர் அகன்றனர்.

வேடிக்கை பார்க்கச் சென்ற நாங்கள் அப்பலகையின்முன் பேச்சற்று நின்றோம். நம் சொந்த ஊரில் அத்தகைய பலகை இருப்பின், அதில் குறைந்த எண்களுள் நாமும் அடக்கமன்றோ? வரும் விடுமுறையிலேனும் பிள்ளைகளுடன் சென்று, பூட்டிய வீட்டைத் திறந்து விளக்கேற்றி வருவோமாக.