நிகமம் முதல் சங்கம் வரை: சிறுதொழிலோர்க்குத் துணை நிற்கும் கூட்டமைப்பு



மதுரை மாவட்டத்து மீனாட்சிபுரத்தை அடுத்து மாங்குளம் மலை உள்ளது. அம்மலைக் குகைத்தளங்களில் சமண முனிவர்கள் தங்கித் தவம் புரிந்தனர். அவர்களுக்கு உறைவிடம் அமைத்துத் தந்தோரின் பெயர்களை அங்குள்ள தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகள் இன்றும் காட்டுகின்றன. ஏறத்தாழ 2200 ஆண்டுப் பழைமையுடைய அக்கல்வெட்டுகளுள் வெள்ளறை என்னும் ஊரின் நிகமத்தார் குறிக்கப்படுகின்றனர். நிகமம் என்பது வணிகர் குழு. அருகில் அழகர்மலையில் உப்பு வணிகர், கொழு வணிகர், பொற்கொல்லர் என ஒவ்வொருவரும் தம் தொழிலோடு பெயர் பொறித்துள்ளனர். ஏர்முனைக் கொழுவை விற்றவரும் உப்பை விற்றவரும் பெருஞ்செல்வர் வரிசையில் எண்ணப்படத்தக்கவர் அல்லர். எனினும் அவர்கள் பெயரைக் கல் தாங்கி நிற்கிறது. தமிழகத்தில் வணிகர் குழுவாய்க் கூடும் வழக்கம் எத்துணைத் தொன்மையானது என்பதற்கு இம்மலைகளே சான்று.

அவ்வழக்கம் இன்று சங்கம் என்னும் பெயரில் தொடர்கிறது. தமிழ்நாடு சிறு, குறுந்தொழில்கள் சங்கமாகிய டான்ஸ்டியா 1956-இல் தோன்றியது. கோயமுத்தூர் மாவட்டச் சிறுதொழில்கள் சங்கமாகிய கொடிசியா 1969-இல் தோன்றியது. திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கம் 1990-இல் தோன்றியது. இத்தகைய சங்கங்கள் செய்யும் பணி யாது? சந்தா வாங்குவதும் ஆண்டு விழா எடுப்பதும் மட்டுந்தானா?

கோயமுத்தூரில் பம்பு உதிரிபாகங்களைக் கடைந்து தரும் லேத் பட்டறை ஒன்றை எண்ணிப் பாருங்கள். உரிமையாளரும் நான்கு தொழிலாளரும் அங்கு உழைக்கின்றனர். பொருளை வாங்கிச் சென்ற பெரிய நிறுவனம் இரண்டு இலட்ச ரூபாய் பில்லுக்கு ஆறு மாதமாகப் பணம் தரவில்லை. சனிக்கிழமைதோறும் கூலி கொடுத்தாக வேண்டும். வங்கிக் கடனுக்குத் தவணை கட்டியாக வேண்டும். இறுதியில் இல்லத்தரசியின் வளையல் அடகுக் கடைக்குச் செல்கிறது. வட்டியில்லாக் கடனைச் சிறியவர் பெரியவருக்குக் கொடுத்துவிட்டு, அதற்கான வட்டியைத் தாம் வேறிடத்தில் கட்டுகிறார். வேலை குறைவதனால் மூடப்படும் பட்டறைகள் உண்டு. செய்த வேலைக்குப் பணம் வராமையால் மூடப்படுவனவும் உண்டு.

இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் வளர்ச்சிச் சட்டம் 2006-இல் நடைமுறைக்கு வந்தது. எழுத்துமூல ஒப்பந்தம் இருப்பினும் 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்தி வைத்தல் ஆகாது. ஒப்பந்தம் இல்லையேல் 15 நாளுக்குள் கொடுத்தல் வேண்டும். தவறினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மும்மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டு வட்டியாகச் சேரும். முறையீட்டை வசதியாக்க மன்றம் விசாரிக்கும். மன்றத்தின் தீர்ப்பை எதிர்த்து வாங்கியவர் நீதிமன்றம் செல்ல வேண்டுமாயின், தீர்ப்புத் தொகையில் 75 விழுக்காட்டை முதலில் கட்டியாக வேண்டும்.

இவ்வளவு வலிய சட்டம் இருந்தும் பட்டறைக்காரர் முறையிடத் தயங்குவது ஏன்? அச்சமே காரணம். இன்று முறையிட்டால் நாளை ஆர்டர் வராது. பழைய பணம் கிடைத்தாலும் புதிய வேலை போய்விடும். சட்டம் உரிமையைத் தருகிறது. அவ்வுரிமையைக் கேட்டபின் எதிர்ப்படும் விளைவைச் சட்டம் தாங்கிக்கொள்வதில்லை. சங்கத்தின் பணி தொடங்கும் இடம் அதுவே.

முதற்கண், சங்கம் உறுப்பினரை ஆயத்தப்படுத்துகிறது. உத்யம் பதிவை நிலுவை வந்தபின் தேடாது, வேலை ஏற்கும் முன்னரே செய்துகொள்ள வேண்டும். பொருள் ஒப்படைத்த சீட்டில் கையொப்பமும் நாளும் வாங்கி வைக்க வேண்டும். இவை சிறு செயல்களே. ஆயினும் வழக்கின் வெற்றி பெரும்பாலும் இவற்றிலேயே அடங்கியுள்ளது. அடுத்து, சங்கம் ஒருவரின் பெயரைப் பலர் பெயருக்குள் காக்கிறது. மன்றத்தில் முறையிடுபவர் தம் பெயரை மறைத்தல் இயலாது. அதற்கு முந்தைய படியில், ஒரே நிறுவனத்திடம் பணம் வரவேண்டிய முப்பது பேரின் நிலுவையைச் சங்கத்தின் தாளில் ஒரே தொகையாக எழுதிக் கேட்கலாம். முப்பது பேரையும் ஒரே நாளில் விலக்க எந்த நிறுவனத்தாலும் எளிதில் இயலாது. மூன்றாவதாக, அம்மன்றத்தில் சிறுதொழில் சங்கங்களின் பிரதிநிதிக்கு இடமளிக்கச் சட்டமே வகை செய்துள்ளது. அவ்விடத்தில் அமர்பவர் பட்டறையின் இடர் அறிந்தவராக இருத்தல் வேண்டும்.

அரசிடம் வாதிடுவது சங்கத்தின் மற்றொரு கடமை. சில்லறை, மொத்த வணிகர்களுக்கு 2017 முதல் இத்துறைப் பதிவு மறுக்கப்பட்டிருந்தது. வணிகர் அமைப்புகள் தொடர்ந்து கேட்டதன்பின் 2021 ஜூலையில் பதிவுக்கு வழி திறந்தது. எனினும் வங்கிகளின் முன்னுரிமைக் கடனுக்கு மட்டுமே அப்பதிவு பயன்படும். நிலுவைப் பாதுகாப்பு வணிகர்களுக்குக் கிட்டவில்லை. கேட்டதில் பாதி கிடைத்தபோது மாலை சூட்டிக் கலைந்துவிடாமல், மறுபாதியையும் கேட்டுக்கொண்டிருப்பதே சங்கத்துக்கு அழகு.

சில வேளைகளில் ஒருவர்க்கு மருந்தாவது மற்றொருவர்க்கு இடராகும். 2023-ஆம் ஆண்டு நிதிச் சட்டம் வருமான வரிச் சட்டத்தில் ஒரு திருத்தம் கொணர்ந்தது. குறு, சிறு நிறுவனங்களுக்குரிய பணத்தை உரிய காலத்தில் கொடுக்காதவர், அத்தொகையைக் கொடுக்கும் ஆண்டில்தான் செலவாகக் காட்ட இயலும் என்பது அத்திருத்தம். பணத்துக்குக் காத்திருந்தோர் மகிழ்ந்தனர். நீண்ட தவணையில் பழகிய ஜவுளி வணிகர் பலர் கலங்கினர். பதிவு பெற்ற சிறியோரை விலக்கிப் பதிவில்லாதோரிடம் வாங்குவார்களோ என்னும் அச்சமும் எழுந்தது. நடைமுறையைத் தள்ளிவைக்குமாறு சில வணிகர் அமைப்புகள் கோரின. கொடுக்க வேண்டியவரும் பெற வேண்டியவரும் ஒரே சங்கத்தில் உறுப்பினராக இருக்கும்போது, சங்கம் யார் பக்கம் நிற்கும்?

சங்கத்தின் நேர்மையை அளக்கும் துலாக்கோல் இவ்வினாவே. மேடையில் அமர்வோர் பெரும்பாலும் பெரிய நிறுவனத்தார். சந்தாவும் நன்கொடையும் மிகுதியாகத் தருபவர் அவர்களே. தம்மிடம் பொருள் தந்த சிறியவர்க்கு 45 நாளில் பணம் கொடுத்துவிட்டேன் என்று சொல்லத்தக்கவரே, அரசிடம் சென்று சிறியவர்க்காகப் பேசும் தகுதியுடையவர். கள்ளாமை நோன்பின் குற்றங்களுள் பொய்யளவையையும் கலப்படத்தையும் சமண ஆசிரியர்கள் சேர்த்து எண்ணினர். பிறர்க்குரிய பொருளை உரிய நாள் கடந்தும் தம் கையில் வைத்திருப்பதும் அவ்வரிசைக்குத் தொலைவில் இல்லை என்பதை இல்லறத்தார் எண்ணிப் பார்க்கலாம்.

கடையோ பட்டறையோ ஆலையோ நடத்தும் குடும்பத்து இளைஞர்கள் தத்தம் ஊர்ச் சங்கத்தில் சேர வேண்டும். சேர்ந்தபின் பதவியை நாடுமுன், கடைசி வரிசையில் வாய் திறவாது அமர்ந்திருக்கும் மிகச் சிறிய உறுப்பினரிடம் சென்று, அவருக்கு வரவேண்டிய பணம் வந்துவிட்டதா என்று கேட்க வேண்டும். வரவில்லை என்று அவர் அஞ்சாது சொல்லும் நாளில்தான் அச்சங்கம் உண்மையான நிகமமாகும்.