ஈச்சங்காட்டுக் காற்றும் 62-ஆம் எண்ணும்



கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குப் பேருந்தில் வந்தவர்கள் முதுநகரைத் தாண்டியதும் சிப்காட் ஆலைகளைப் பார்த்திருப்பார்கள். பின்புறம் உப்பனாறு. அக்கம்பக்கத்தில் குடிகாடு, ஈச்சங்காடு, செம்மங்குப்பம். நிறை நிறமாலையியல் பற்றிய கருத்தரங்கின் தலைமை உரை அந்த ஊர்களிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. அங்கே மக்களின் மூக்கு சொன்னதை, மூலக்கூறுகளை நிறைப்படி பிரித்தறியும் நிறை நிறமாலைமானி 2004-இல் எண்ணாக்கிக் காட்டியது.

அதற்கு முன் ஆண்டுக்கணக்கில் அவர்கள் புகார் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். அழுகிய முட்டை நாற்றம், நகப்பூச்சு நெடி, கண்ணெரிச்சல், மூச்சடைப்பு. அதிகாரிகள் வந்து சேர்வதற்குள் காற்று திசை மாறிவிடும். எனவே ஊர்க்காரர்களே பயிற்சி பெற்றுக் கண்காணிப்பாளர்கள் ஆனார்கள். ஒரு பிளாஸ்டிக் வாளி, அதற்குள் வேதிப்பொருளோடு வினைபுரியாத பை. வாளிக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்தால் வெளிக்காற்று பைக்குள் புகுந்துகொள்ளும். 1990-களில் கலிபோர்னியாவின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளை ஒட்டி வாழ்ந்தவர்களுக்காகப் பிறந்த முறை இது. நெடி வந்த நேரத்திலேயே பிடித்த காற்று அமெரிக்க ஆய்வகம் ஒன்றுக்குப் பறந்தது. ஐந்து மாதிரிகளில் 22 நச்சு வேதிப்பொருள்கள் இருந்தன என்பது முடிவு. அவற்றுள் எட்டு, புற்றுநோய் உண்டாக்குபவை.

அந்த ஆய்வகத்தில் நடப்பது என்ன? பைக் காற்றில் உள்ள சேர்மங்கள் முதலில் தலைமயிர் போன்ற நுண்குழல் ஒன்றின் வழியே ஓடுகின்றன. பல மீட்டர் நீளமுள்ள அந்த ஓட்டத்தில் ஒவ்வொன்றும் தனக்குரிய நேரத்தில் வெளியேறும். வெளியே வந்ததும் 70 எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலோடு பாயும் எலக்ட்ரான்கள் மூலக்கூறைத் தாக்கி, மின்னூட்டம் ஏற்றி, உடைத்தும் விடுகின்றன. துண்டுகள் நான்கு உலோகத் தண்டுகளுக்கு இடையே பறக்கின்றன. தண்டுகளில் ஏற்றும் மின்னழுத்தத்தை மாற்ற மாற்ற, ஒவ்வொரு கணமும் ஒரே ஒரு நிறை கொண்ட அயனிக்கு மட்டும் வழி திறக்கும். மற்றவை வழியிலேயே விழுந்துவிடும். இத்தனையும் வெற்றிடத்தில். காற்று மிச்சமிருந்தால் அயனிகள் அதில் மோதித் திசை கெடும்.

பென்சீன் என்றால் வரைபடத்தில் நிறை 78-இல் பெரிய முகடு எழும். ஆலைக் கரைப்பானான 1,2-டைகுளோரோஈத்தேன் உடைந்தால் 62-இல் ஒரு முகடும், அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்கு 64-இல் இன்னொன்றும் நிற்கும். இயற்கையில் குளோரின் 35, 37 என்ற இரண்டு நிறைகளில், ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் கிடைப்பதே காரணம். இதைக் காட்டியவர் அறிவியலாளர் ஆஸ்டன். இயற்பியலாளர் தாம்சன் நியானில் 20, 22 என்ற இரு நிறைகளைக் கண்ட வழியில் சென்று, 1919-இல் தம் கருவியைக் கட்டி, 1922-இல் வேதியியல் நோபல் பெற்றவர். அணுவின் இயல்பை அறியக் கேம்பிரிட்ஜில் பிறந்த கருவி, உப்பனாற்றங்கரையில் குளோரின் சேர்மத்துக்குச் சாட்சி சொல்ல வல்லது என்பது இத்துறையின் பெருமை.

நிலவிலும் அது சாட்சி சொல்லியிருக்கிறது. 2008 நவம்பர் 14 அன்று சந்திரயான்-1 இறக்கிவிட்ட மோதுகலத்தில் இருந்த சேஸ் என்ற கருவியும் இதே நான்கு தண்டு வகைதான். விழுந்துகொண்டே அது நீராவியின் நிறையான 18-ஐப் பதிவு செய்தது.

மீண்டும் மண்ணுக்கு வரலாம். பரங்கிப்பேட்டைக் கடலுயிர் ஆய்வு மையமும் பிச்சாவரம் அலையாத்திக் காடும் அருகிலிருக்க, இலைச்சாறு, பாசி, கடற்பஞ்சு என எதையும் இக்கருவியில் ஏற்றிப் பார்க்கும் ஆர்வம் இளம் ஆய்வாளர்களிடம் இயல்பாகவே உண்டு. ஆனால் தமிழகத்திலும் வெளியிலும் பெருகிவரும் இத்தகைய கட்டுரைகளில் ஒரு கவலை இருக்கிறது. கணினியின் நிறமாலை நூலகம் நீட்டும் முதல் பெயரை அப்படியே அட்டவணையில் எழுதிவிடுகிறார்கள். 73, 207, 281 முகடுகள் பெரும்பாலும் நுண்குழலின் பூச்சே கசிந்து வருபவை. 149 பெரும்பாலும் பிளாஸ்டிக் புட்டியிலிருந்து வந்த தாலேட் என்ற சேர்மம். இவை மூலிகையின் மருத்துவச் சேர்மங்களாக அச்சேறுகின்றன. இலைச்சாறு இல்லாத வெற்று மாதிரியை ஒருமுறை ஓட்டியிருந்தால் இந்தப் பிழை நேராது. தூய சேர்மத்தையும் அருகில் ஓட்டி, வெளியேறும் நேரம் ஒத்துப்போகிறதா என்று பார்க்காதவரை அந்தப் பெயர் ஊகம்தான்.

மூலிகைக் கட்டுரையில் இப்பிழை ஓர் அட்டவணையைக் கெடுக்கும். ஈச்சங்காட்டுக் காற்றில் நேர்ந்தால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஒரே கேள்வியில் ஊரின் புகாரையே தள்ளிவிடுவார்.

சட்டமும் இன்னும் கருவியின் பின்னால்தான் நடக்கிறது. நாடு தழுவிய காற்றுத் தர அளவுகளில் பென்சீன் இடம்பெற்றது 2009 நவம்பரில்தான். ஆண்டுச் சராசரி கனமீட்டருக்கு 5 மைக்ரோகிராம். அந்தப் பட்டியலின் 12 பொருள்களில் குளோரின் கரைப்பான் ஒன்றுகூட இல்லை. அளக்க முடிகிறது, அளந்ததை எதோடு ஒப்பிடுவது என்பதற்கு எண் இல்லை. அந்த எண்ணை வகுக்கத் தேவையான நீண்டகாலப் பதிவை, இந்த மாவட்டத்திலேயே கருவி வைத்திருக்கும் துறைகள்தாம் தொடங்கவேண்டும்.

ஆகவே இன்றைய அமர்வுகளில் அட்டவணை காட்டும் ஒவ்வொருவரும் வெற்று மாதிரியின் வரைபடத்தையும் பக்கத்தில் காட்டவேண்டும். சிப்காட் காற்றையோ உப்பனாற்று நீரையோ ஆய்ந்தவர்கள், மாதிரி எடுத்த இடம், நேரம், காற்றின் திசை, கிடைத்த அளவு ஆகியவற்றைத் தமிழில் ஒரு பக்கத்தில் எழுதி, அந்தந்த ஊராட்சி அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டுக் கட்டுரையை இதழுக்கு அனுப்பவேண்டும். முதல் அமர்வு மாதிரி சேகரிப்பு பற்றியது. தொடங்கலாம்.