வாசலில் இருக்கிறது விஞ்ஞானம்

(பரிசளிப்பு விழாவில் ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)



சின்னப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே அறிவியல் சொல்லிக் கொடுப்பது பற்றிப் பேசச் சொன்னார்கள். இந்தப் பேச்சை எடுத்தாலே, "நாங்க ஆறாம் வகுப்பே தாண்டல டீச்சர், எங்களுக்கு சயின்ஸ் எங்க தெரியும்?" என்கிறீர்கள். சிலர், "2021-லேயே யூ.பி.எஸ்.ஆர். சோதனையை எடுத்துட்டாங்களே, இனிமே எதுக்கு இந்தப் பாடு?" என்கிறீர்கள். சோதனைதான் போனது, பாடம் போகவில்லை. முதலாம் படிவத்தில் அறிவியல் காத்துக்கொண்டு நிற்கிறது, அதுவும் வேறு மொழியில். விளங்கிப் படித்த பிள்ளைக்கு அங்கே சொல் மட்டும்தான் புதிது. மனப்பாடம் செய்த பிள்ளைக்கு எல்லாமே புதிது. இதுதான் என் கவலை.

நமக்கு அறிவியல் தெரியாது என்கிறீர்களே, தினமும் பார்க்கிற செம்பனை மரத்தையே எடுத்துக்கொள்வோம். ஒரே மரத்தில் ஆண்பூ தனி, பெண்பூ தனி, பூக்கிற சமயமும் வேறு வேறு. ஆண்பூவின் தூள் பெண்பூவில் சேர்ந்தால்தான் குலை நன்றாகப் பிடிக்கும். 1981க்கு முன்னால் நம் நாட்டுத் தோட்டங்களில் ஆட்களை வைத்து இந்தத் தூளைத் தூவினார்கள். மரம் மரமாகப் போய் விரிந்த பெண்பூவைத் தேடித் தேடித் தூவவேண்டும். உங்கள் வீட்டுப் பாட்டியைக் கேட்டுப் பாருங்கள், அந்த வேலை செய்தவராகக்கூட இருக்கலாம். காற்றுதான் தூளைச் சேர்க்கிறது என்று படித்தவர்களே அப்போது நம்பினார்கள்.

ஆனால் ஆப்பிரிக்காவில் கெமரூன் நாட்டில் யாரும் தூவாமலே குலை பிடித்தது. அங்கே வேலை பார்த்துவிட்டு இங்கே வந்த லெஸ்லி டேவிட்சன் என்ற தோட்ட அதிகாரிக்கு அது உறுத்தியது. அங்கே தேவைப்படாத கை இங்கே மட்டும் ஏன் தேவைப்படுகிறது என்று கேட்டார். ரஹ்மான் சையத் என்ற பூச்சியியல் அறிஞர் கெமரூனுக்குப் போய் ஆராய்ந்தார். பார்த்தால், அந்த வேலையைச் செய்வது ஒரு குட்டி வண்டு! அரிசி மணியைவிடச் சிறியது. மற்றப் பயிர்களுக்குக் கெடுதல் செய்யாது என்று சோதித்துப் பார்த்த பிறகு, 1981 பிப்ரவரியில் அந்த வண்டை நம் நாட்டில் விட்டார்கள். எங்கே தெரியுமா? பக்கத்து மாவட்டமான குளுவாங்கில், பாமோல் தோட்டத்தில். கொஞ்ச காலத்தில் அது நாடெங்கும் பரவி, கையால் தூவும் வேலையே தேவையில்லாமல் போனது. அந்த வேலையை நம்பியிருந்த பெண்களின் கூலி என்ன ஆனது என்பது வேறு கேள்வி. பிள்ளைகள் அதையும் கேட்கட்டும்.

இப்போது நீங்கள் செய்யவேண்டியது. பூத்த ஆண்பூவைக் கண்டால் பிள்ளையை முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். சோம்பு வாசனை அடிக்கும். அந்த வாசனைதான் வண்டை அழைக்கிறது. ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் பையை விரித்து, அதன் மேல் பூவைத் தட்டினால் மஞ்சள் தூளும் வண்டும் சேர்ந்து விழும். பிறகு, பூத்து முடிந்து காயத் தொடங்கிய ஆண்பூவில் நாலைந்து கதிர்களை ஒடித்து வாருங்கள். மேலே ஒட்டியிருக்கிற வண்டுகளையெல்லாம் உதறிவிட்டு, வாய் அகன்ற போத்தலில் போட்டு, மெல்லிய துணியால் கட்டி நிழலில் வையுங்கள். தினமும் பிள்ளை பார்த்து எழுதட்டும். இரண்டு வாரம் போல ஆனதும் உள்ளே வண்டு ஓடும். முதலில் உதறச் சொன்னேனே, ஏன்? வந்த வண்டு கதிருக்குள் இருந்துதான் வந்தது என்று உறுதியாகச் சொல்வதற்குத்தான். பிள்ளை காரணத்தைத் தானே கண்டுபிடிக்கட்டும், நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள்.

தனியாகப் பிள்ளைகளைக் காட்டுக்குள் அனுப்பக்கூடாது. மருந்து அடித்த நிரைப் பக்கமும் போகவேண்டாம்.

பால்மரம் வெட்டுகிற வீடுகளுக்கு இன்னொரு வேலை. இரண்டு கிளாஸ்களில் கொஞ்சம் கொஞ்சம் பால் ஊற்றி, ஒன்றில் மட்டும் எலுமிச்சைச் சாறு விடுங்கள். ஸ்டோர் ஆசிட்டைப் பிள்ளைகள் தொடவே கூடாது, இதற்கு எலுமிச்சை போதும். சாறு விட்ட பால் கட்டியாகிவிடும். பாலில் உள்ள ரப்பர்த் துகள்கள் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு தனித்தனியே மிதக்கின்றன. புளிப்பு சேர்ந்தால் அந்தத் தள்ளும் சக்தி போய், ஒட்டிக்கொள்கின்றன. சாறு விடாத கிளாஸை மறுநாள் காலை பார்க்கச் சொல்லுங்கள். அதுவும் கட்டியாகியிருந்தால், "யாருமே புளிப்பு ஊற்றலையே, இது எப்படிக் கட்டியாச்சு?" என்று கேளுங்கள். கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் புளிப்பை உண்டாக்குகின்றன. அம்மா தயிருக்கு உறை ஊற்றுவதும் இதே கதைதான். மங்கில் கிடக்கிற கட்டிப்பால் உங்களுக்குக் கூலிக் கணக்கு, பிள்ளைக்கு அது ஒரு பாடம். பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சட்டையில் பட்டால் போகாது, அம்மாவிடம் திட்டு வாங்கவேண்டியதுதான்!

வெயில் அடிக்கிற நாளில் ஒன்று. வாசலில் ஒரு குச்சியை நேராக நட்டு, பகல் 12 மணியிலிருந்து 2 மணிவரை பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை நிழலின் நுனியில் கல் வைக்கட்டும். உச்சிவேளை என்றால் 12 மணி என்று நினைக்கிறோம். பத்து பாகாட்டில் 1 மணியை ஒட்டித்தான் நிழல் மிகக் குட்டையாகும். சூரியன் இங்கே உச்சிக்கு வருவதற்கு முன்பே நம் கடிகாரம் ஓடிவிடுகிறது. 1982 ஜனவரி 1-ஆம் தேதி மேற்கு மலேசியாவின் நேரத்தை அரை மணி முன்னே தள்ளி, சபா, சரவாக் நேரத்தோடு சேர்த்தார்கள். மார்ச் 25, செப்டம்பர் 18 தேதிகளை ஒட்டிய நாள்களில் இதைச் செய்தால் ஒரு வேடிக்கை நடக்கும். என்ன என்று நான் சொல்லமாட்டேன்.

இவை எதற்கும் ஒரு வெள்ளிகூடச் செலவில்லை. பிள்ளை கேள்வி கேட்டால், "சும்மா இரு" என்று மட்டும் சொல்லாதீர்கள். "எனக்கும் தெரியாது, வா பார்க்கலாம்" என்று சொல்லுங்கள். செய்வதற்கு முன்னால், "என்ன ஆகும்னு நினைக்கிற?" என்று ஒரு வார்த்தை கேட்டு, அவன் சொன்னதை எழுதி வைக்கச் சொல்லுங்கள். அவன் சொன்னது தப்பாகிப்போனால் இன்னும் நல்லது, அடுத்த கேள்வி அங்கிருந்துதான் பிறக்கும். எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளை படம் வரையட்டும்.

விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் முதல் வாரம், வண்டுப் போத்தல்களை எங்கள் வகுப்பறை மேசையில் வரிசையாக வைக்க இடம் ஒதுக்கியிருக்கிறேன். துணியைக் கெட்டியாகக் கட்டி, பெயரும் தேதியும் ஒட்டிக் கொடுத்தனுப்புங்கள். அப்பா அம்மாவும் கூட வந்தால், என்ன பார்த்தீர்கள் என்பதை வகுப்பில் நீங்களே சொல்லலாம்.