சிவப்பு மை



கற்றவனுக்கு எந்நாடும் தன் நாடே, எவ்வூரும் தன் ஊரே என்பது வள்ளுவர் கருத்து. கற்று முடித்தவனுக்கு அது பொருந்தும். கற்பதற்காகவே அயல்நாடு சென்று, அந்நாட்டு மொழியில் தடுமாறிக்கொண்டிருக்கும் மாணவனுக்குப் பொருந்துமா? நவீனச் சீன இலக்கியத்தின் முன்னோடி எனப் போற்றப்படும் லூ சுன் அவர்களின் மாணவப் பருவம் இவ்வினாவுக்கு விடை தருகிறது.

சௌ ஷூரென் என்னும் இயற்பெயர் கொண்ட லூ சுன், 1881இல் ஷாவோசிங் நகரில் பிறந்தார். மருத்துவர்கள் கேட்ட கிடைத்தற்கரிய மருந்துப் பொருள்களையெல்லாம் தேடிக் கொணர்ந்தும் தந்தையைக் காக்க இயலவில்லை. மேனாட்டு மருத்துவம் கற்றுத் தம் மக்களின் பிணி தீர்க்க வேண்டும் என்னும் உறுதிக்கு அவ்விழப்பும் ஒரு காரணமாயிற்று. 1902இல் அரசின் உதவித்தொகையுடன் ஜப்பான் சென்று, டோக்கியோவில் மொழி பயின்று, 1904இல் சென்டாய் நகர மருத்துவப் பள்ளியில் சேர்ந்தார். அப்பள்ளியில் வேறு சீன மாணவர் எவரும் இலர்.

தொடக்கத்தில் சிறப்புக்குக் குறைவில்லை. பள்ளி கட்டணம் பெறவில்லை. அவருடைய உணவையும் உறைவிடத்தையும் பற்றிப் பலர் கவலைப்பட்டனர். சொந்த ஊரில் மலிவாய்க் கிடைக்கும் கீரை, தொலைதூரம் சென்றதும் அரும்பொருளாகிவிடுவதைப் போன்றதே தம் நிலை என்று அவர் பின்னாளில் நகைச்சுவையோடு எழுதினார். அவர் தங்கிய விடுதிக்காரர் சிறைக் கைதிகளுக்கும் உணவு சமைப்பவர்; அங்கிருப்பது தகாது என ஒருவர் வற்புறுத்த, வேறு விடுதிக்கு மாறினார். அங்கோ நாள்தோறும் சேப்பந்தண்டுச் சாறு! விடுதிச் சோறு உண்டவர் எவர்க்கும் இத்துயரம் புரியும்.

உடற்கூற்றியல் ஆசிரியர் ஃபுஜினோ கென்குரோ. உடையில் கவனமற்றவர், கழுத்துப்பட்டையைக்கூட மறந்து வருபவர். அவர் ஒருநாள் இம்மாணவரை அழைத்து, வகுப்புக் குறிப்பேட்டைக் கேட்டு வாங்கினார். திரும்பி வந்தபோது, முதலிலிருந்து இறுதிவரை சிவப்பு மையில் திருத்தங்கள். விடுபட்ட செய்திகள் சேர்க்கப்பட்டிருந்தன. மொழிப் பிழைகளும் களையப்பட்டிருந்தன. அவர் பாடம் முடியும்வரை இப்பணி தொடர்ந்தது. படம் அழகாக இருக்க வேண்டும் என்பதற்காக ஓர் இரத்தக்குழாயை மாணவர் சற்றே இடம் மாற்றி வரைந்திருந்தார். உள்ளதை உள்ளவாறே வரைய வேண்டும் என்று ஆசிரியர் அன்போடு திருத்தினார். பிற்காலத்தில் சமுதாயத்தின் நோயை ஒப்பனையின்றி வரைந்த கைக்கு அது நல்ல பாடம்.

அத்திருத்தங்களே பழிக்கும் காரணமாயின. தேர்வில் அவர் இடைநிலையில் தேறியதும், ஆசிரியர் வினாக்களை முன்னரே குறிப்பேட்டில் அடையாளமிட்டுக் காட்டிவிட்டார் என உடன்பயின்றோர் சிலர் தூற்றினர். நலிந்த நாட்டினன் நல்ல மதிப்பெண் பெற்றால் அது அவன் திறமையாய் இராதென்று உலகம் எண்ணும் என்பதை அவர் அன்று உணர்ந்தார்.

அடுத்து நேர்ந்தது அதனினும் கொடியது. நுண்ணுயிரியல் வகுப்பில், பாடம் முடிந்த பின், ரஷ்ய ஜப்பானியப் போர்ப் படங்களைத் திரையில் காட்டினர். ரஷ்யர்க்கு ஒற்றனாயிருந்தான் என ஒரு சீனனுக்குக் கொலைத் தண்டனை. சுற்றி நின்று வேடிக்கை பார்த்தோரும் சீனரே. வகுப்பு ஆரவாரித்தது. அப்பள்ளியில் பின்னாளில் கிடைத்த படவில்லைகளுள் அக்காட்சி இல்லை என்பர் ஆய்வாளர். ஆயினும் அவர் நெஞ்சில் பதிந்த காட்சி அதுவே. உடல் நலமுற்றும் உள்ளம் உறங்கினால் என்ன பயன் என்று எண்ணி, 1906இல் மருத்துவத்தை விடுத்து இலக்கியத்தை நாடினார்.

விடைபெறும்போது ஆசிரியர் முகம் வாடியது. அதைக் காணப் பொறாத மாணவர், உயிரியல் கற்கப் போவதாகவும், அவர் கற்பித்தவை அதற்குப் பயன்படும் என்றும் பொய் கூறித் தேற்றினார். பிரிவாற்றாமையைக் குறிக்கும் இரண்டு எழுத்துகளைப் பின்புறம் எழுதித் தம் நிழற்படத்தை ஆசிரியர் அளித்தார். பெய்ஜிங் இல்லத்துச் சுவரில் அது தொங்கியது. இரவில் சோர்வு மேலிடும்போது அம்முகத்தைக் கண்டு மீண்டும் எழுதத் தொடங்குவார் என்பதை, 1926இல் அவரே வரைந்த கட்டுரை கூறுகிறது. தொலைந்துபோயின என அவர் வருந்திய குறிப்பேடுகள், அவர் மறைவுக்குப் பின் கிடைத்தன. சிவப்பு மை அழியவில்லை.

1936இல் லூ சுன் மறைந்த பின் ஃபுஜினோ அவரைப் பற்றிப் பேசினார். இளமையில் சீன நூல்களைக் கற்றதனால் அந்நாட்டவரை மதிக்க வேண்டும் எனத் தமக்குத் தோன்றியது என்றார். வேறு பெருமை பேசவில்லை.

இங்கேதான் தொடக்க வினாவுக்கு விடை கிடைக்கிறது. கற்க வந்தவனுக்கு அயல்மண்ணைச் சொந்த மண்ணாக்குவது அவனுடைய கல்வியன்று. அவனை ஏற்பவருடைய கல்வி. லூ சுன் பட்டம் பெறாமலே சென்டாயை நீங்கினார். ஆயினும் தம் நாட்டை வெளியே நின்று காணும் கண்ணையும், பிழையைப் பொறுத்துத் திருத்திய ஒரு கையின் நினைவையும் கொண்டு சென்றார்.

இலக்கியத்துக்குப் புதியவராய் வருபவரும் ஓர் அயல்நாட்டு மாணவரே. அவர் தயங்கித் தயங்கி நீட்டும் முதல் கவிதையை வாங்கிப் படிக்க இவ்வட்டத்தில் என்றும் ஒருவர் இருப்பாராக. அவர் கையில் சிவப்பு மை வற்றாதிருப்பதாக.