ஒரு சொட்டுதானேன்னு விடாதீங்க: கரைப்பான் குழாய் மரைகளில் கசிவு



நம்ம பக்கம் காங்கேயம், வெள்ளகோவில் என்றாலே கொப்பரையும் தேங்காய் எண்ணெயும்தான். செக்கில், எக்ஸ்பெல்லரில் எவ்வளவு அழுத்திப் பிழிந்தாலும் புண்ணாக்கில் கொஞ்சம் எண்ணெய் தங்கிவிடும். அதையும் எடுக்க ஹெக்சேன் என்ற கரைப்பானைப் பயன்படுத்துகிறார்கள். கரைப்பானில் எண்ணெய் கரையும். பிறகு சூடாக்கினால் கரைப்பான் ஆவியாகிப் பிரிந்துவிடும், எண்ணெய் நிற்கும். இந்த ஆவி ஓடுகிற குழாய்களிலும் வால்வுகளிலும் உள்ள மரை இணைப்புகள் கசிந்தால் என்ன செய்வது என்பதுதான் இன்றைய பேச்சு.

முதலில் ஆபத்தைப் புரிஞ்சுக்கணும். ஹெக்சேன் பூஜ்யத்துக்கும் கீழே, சுமார் மைனஸ் 22 டிகிரியிலேயே தீப்பற்றக்கூடிய ஆவியைத் தரும். காற்றில் 1.1 சதவீதம் கலந்தாலே போதும், ஒரு பொறியில் வெடிக்கும். அந்த ஆவி காற்றைவிட ஏறக்குறைய 3 மடங்கு கனம். அதனால் மேலே போகாது. தரையோடு தவழ்ந்து குழியிலும் சாக்கடையிலும் போய்த் தங்கும். 1981 பிப்ரவரி 13 அன்று அமெரிக்காவின் லூயிவில் நகரில் நடந்தது இதுதான். ஒரு சோயா ஆலையிலிருந்து ஹெக்சேன் சாக்கடையில் கலந்தது. தெருவில் போன காரின் பொறி பட்டு, 2 மைலுக்கும் மேல் தெருக்கள் பிளந்துகொண்டன. ஆலையில் விட்ட கசிவு ஊரைத் தாக்கியது.

இப்போ மரைக்கு வருவோம். கசிவுக்கு ஒரு காரணம், சேராத இரண்டு மரைகளைச் சேர்ப்பது. நம்ம ஊர்க் கடையில் கிடைப்பது பெரும்பாலும் பிஎஸ்பி மரை, அதன் கோணம் 55 டிகிரி. இறக்குமதி இயந்திரங்களில் என்பிடி மரை வரலாம், அதன் கோணம் 60 டிகிரி. அரை அங்குல அளவில் இரண்டுக்குமே அங்குலத்துக்கு 14 மரை. அதனால் ஒன்று மற்றொன்றில் ஏறிக்கொள்ளும், ஆனால் முழுசா உட்காராது. எத்தனை டேப் சுற்றினாலும் கசியும். வாங்கும்போதே எந்த மரை என்று கேட்டு, இரண்டு பக்கமும் ஒரே வகையா என்று பாருங்க.

டேப் சுற்றுவதிலும் முறை இருக்கு. முதலில் பழைய டேப், துரு, பிசின் எல்லாவற்றையும் கம்பித் தூரிகையால் சுத்தம் செய்யுங்க. டெஃப்லான் டேப்பை மரை ஏறுகிற திசையிலேயே, முனையிலிருந்து முதல் மரையை விட்டுவிட்டுச் சுற்றணும். முனையில் டேப் தொங்கினால் பிய்ந்து உள்ளே போய் வால்வை அடைக்கும். இறுக்கிய பிறகு நேராக நிறுத்தப் பின்னால் திருப்பாதீங்க. திருப்பினால் அடைப்பு உடைந்துவிடும், கழற்றி மறுபடி சுற்ற வேண்டியதுதான். உலோகத்தோடு உலோகம் அமர்ந்து அடைக்கும் கம்ப்ரஷன், ஃபிளேர் ஃபிட்டிங்குகளின் மரைக்கு டேப்பே வேண்டாம்.

வாஷர் விஷயத்திலும் கவனம். சாதாரண ரப்பரும் இபிடிஎம் ரப்பரும் ஹெக்சேனில் ஊறி உப்பிவிடும். டெஃப்லான் அல்லது விட்டான் வாஷரைக் கேட்டு வாங்குங்க. கசிகிற இடத்தின் மேல் எபாக்சி மாவை அப்புவது பழுதுபார்ப்பு ஆகாது. அது கசிவை மறைப்பதுதான்.

இதையெல்லாம்விட முக்கியமானது ஒன்று. அழுத்தம் இருக்கும்போது ஸ்பேனரை வைக்காதீங்க. ஓடிக்கொண்டிருக்கும் குழாயில் "இன்னும் கால் சுற்று இறுக்கிப் பார்க்கலாம்" என்று இறங்கினால் எல்போ விரிசல் விடலாம், ஃபிட்டிங் பிடுங்கிக்கொண்டு அடிக்கலாம். முதலில் இரண்டு பக்க வால்வையும் மூடிப் பூட்டுங்க. அழுத்தத்தை இறக்கி, கரைப்பானை வடித்து, ஆற விடுங்க. நைட்ரஜன் ஊதி ஆவியை வெளியேற்றி, வாயு மீட்டரால் சோதித்த பிறகே கழற்றணும். பொறி எழாத வெண்கலக் கருவிகள் வேண்டும். வேலை முடிந்ததும் நைட்ரஜன் அழுத்தத்தில் சோப்பு நீர் தடவிப் பாருங்க. குமிழி வந்தால் கசிவு இருக்கிறது என்று அர்த்தம். தீக்குச்சி காட்டிச் சோதிப்பது நினைக்கவே கூடாத காரியம்.

உங்க கையில் இருக்கும் செல்போனைப் பற்றியும் சொல்லியாகணும். கசிவை வீடியோ காலில் ஃபிட்டரிடம் காட்டுவதும், போன் டார்ச் அடித்துத் தேடுவதும் இப்போ பழக்கமாகிவிட்டது. சாதாரண போன் இப்படிப்பட்ட இடத்துக்குப் பாதுகாப்புச் சான்று பெற்ற கருவி அல்ல. அதைக் கேட்டுக்கு வெளியே வைத்துவிட்டுப் போங்க. பெட்ரோல் போன்ற வாடை வந்தால் எந்த மின் சுவிட்சையும் போடாமலும் அணைக்காமலும் எல்லோரையும் வெளியேற்றுங்க. தூரமாகப் போன பிறகு போனை எடுத்து 101 அல்லது 112 அழையுங்க. வீட்டுச் சமையல் கேஸ் கசிவு என்றால் 1906.

ஒரு வார்த்தை, சிறுதொழில் செய்கிறவர்களுக்கு. ஆன்லைனில் ஒரு சிறிய எந்திரம் வாங்கி, கொட்டகையில் கரைப்பான் வைத்து எண்ணெய் எடுக்கலாம் என்று இறங்காதீங்க. ஹெக்சேன் பெட்ரோலிய வகுப்பு 'ஏ'. விற்பனைக்கு அல்லாமல் வைத்திருந்தாலும் 30 லிட்டருக்கு மேல் போனால் உரிமம் வேண்டும். அதற்கு நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பை அணுகணும். ஆலைப் பாதுகாப்பு குறித்த சந்தேகங்களுக்கும் புகார்களுக்கும் தமிழக அரசின் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம் இருக்கிறது.

முதலாளிமார்களுக்கு ஒரு வேண்டுகோள். கசிவைப் பார்த்து ஒரு தொழிலாளி எந்திரத்தை நிறுத்தச் சொன்னால், உற்பத்தி போச்சே என்று அவரைத் திட்டாதீங்க. அரை நாள் உற்பத்தியை அடுத்த வாரம் ஈடுகட்டிவிடலாம். ஸ்பேனர் பிடித்த அந்தக் கையை ஈடுகட்ட முடியாதுங்க.