தாடையடி வீக்கமும் நம் தயக்கமும்

(நம் சங்கத்தின் தாம்பரம் கிளைத் திங்கட் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



இலக்கணம் கற்பிக்கும் ஆசிரியர் மருத்துவம் பேச எழுந்தமை உங்கட்கு வியப்பாகத் தோன்றலாம். யாம் மருத்துவர் அல்லேம், நோயுற்றிருந்தோம். அந்நோயை ஓராண்டுக் காலம் மறைத்தும் வைத்திருந்தோம். அதனால் நேர்ந்ததை நம்மவர்க்கு உரைத்தல் கடமையெனக் கருதியே, செயலாளர் கேட்டவுடன் இசைந்தோம்.

உண்ண அமர்ந்தால், முதற் கவளம் வாயிற் புகுமுன்னரே எம் வலத் தாடையின் அடியில் நெல்லிக்காயளவு வீக்கம் எழும். வலி காதுவரை ஏறும். ஒரு மணி நேரத்தில் தானே வற்றிவிடும். புளிக்குழம்பும் ஊறுகாயும் உள்ள நாளில் துன்பம் இருமடங்காகும். உறவினர் ஒருவர் இது கண்டமாலை என்றார். மற்றொருவர் பொன்னுக்கு வீங்கி என்று கூறித் தம் சங்கிலியைக் கழற்றி எம் கழுத்தில் அணிவித்தார். மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றும் இட்டோம். அதுவோ எம் மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த காலம். "தகப்பனுக்குக் கழுத்தில் கட்டி" என்னும் சொல் வெளியே சென்றால் என்னாகும் என்று அஞ்சினோம். கோடையிலும் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டே பள்ளிக்குச் சென்று வந்தோம்.

அன்பர்களே, உமிழ்நீரைச் சுரக்கும் பெருஞ் சுரப்பிகள் மூன்று இணை. காதின் முன்னே ஓரிணை; கீழ்த்தாடையின் அடியில் ஓரிணை; நாவின் கீழ் ஓரிணை. இவை நாளொன்றுக்கு அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை நீர் சுரக்கின்றன. உண்ணாத பொழுதில் வாயை நனைக்கும் நீரில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைத் தாடையடிச் சுரப்பிகளே தருகின்றன. அந்நீர் வெளிவரும் குழாய் சுமார் 5 செ.மீ. நீளமுள்ளது. அதனை விளக்கி எழுதியவர் தாமஸ் வார்ட்டன் என்னும் ஆங்கில மருத்துவர். நூல் வெளிவந்தது 1656-இல். இன்றும் அக்குழாய் அவர் பெயராலேயே வழங்குகிறது. கண்ணாடி முன் நின்று நாவை உயர்த்துக. நடுநரம்பின் இருபுறமும் சிறு புள்ளிபோல் இரண்டு வாய்கள் தோன்றும். நாவில் எலுமிச்சைச் சாறு ஒரு துளி விடுக. அங்கே நீர் ஊறுவதைக் கண்ணாற் காணலாம்.

இச்சுரப்பியின் நீர் கொழகொழப்பு மிக்கது. சுண்ணச் சத்து நிறைந்தது. குழாயோ கீழிருந்து மேல்நோக்கி ஏறுவது. ஆதலின் நீர் தேங்கிக் கல் படிதல் எளிது. உமிழ்நீர்ச் சுரப்பிகளில் தோன்றும் கற்களிற் பத்தில் எட்டுக்கு மேற்பட்டவை இங்கேதான் தோன்றுகின்றன. உணவைக் கண்டதும் நீர் ஊறுகிறது, கல் வழியை அடைக்கிறது, சுரப்பி வீங்குகிறது. எம்முடைய நோயும் இதுவே.

ஆயினும் தாடையடி வீக்கமெல்லாம் கல்லன்று. பொன்னுக்கு வீங்கி என்பது தொற்றுநோய். பெரும்பாலும் காதின் முன்னுள்ள சுரப்பியைப் பற்றுவது. அது பத்து நாளளவில் தானே தணியும். தணிந்த புகழைப் பொன் பெற்றுக்கொண்டது, பெயரும் நிலைத்தது! பல் சொத்தையால் நெறிகட்டுதலும் உண்டு. கண்டமாலை என முன்னோர் கூறியது பெரும்பாலும் கழுத்து நெறிகளிற் காசநோய் பற்றுதல். வலியின்றி மெல்ல மெல்ல வளர்ந்து, உண்டாலும் உண்ணாவிடினும் ஒரே அளவாக நிற்கும் கட்டியை மட்டும் ஒருபோதும் எளிதாக எண்ணற்க. இச்சுரப்பியில் தோன்றும் கட்டிகளில் ஏறக்குறையப் பாதி புற்றுநோயாக இருத்தல் கூடும். உணவோடு எழுந்து உணவோடு தணிவது கல்லின் குறி. ஆயின் குறி வேறு, முடிபு வேறு. முடிபு கூற உரியவர் மருத்துவரே.

ஓர் இரவு எமக்குக் கடுஞ்சுரம் கண்டது. வாயின் அடித்தளம் வீங்கி நா மேலெழுந்தது. எச்சிலும் விழுங்க இயலவில்லை. அந்நிலை முற்றினால் மூச்சே அடைபடும் என்பதைப் பின்னர் அறிந்தோம். அத்தகைய வீக்கம் கண்டால் விடியட்டும் என்று காத்திராது அவ்விரவே மருத்துவமனை சேர்க. எம்மை நோக்கிய மருத்துவர் ஒரு விரலை வாயினுள்ளும் ஒரு கையைத் தாடையின் அடியிலும் வைத்துத் தடவிப் பார்த்தார். "கல் இருக்கிறது ஐயா" என்றார். எக்ஸ்ரேயில் துவரம்பருப்பளவில் அது தெரிந்தது. எக்ஸ்ரேயில் தெரியாத கற்களும் உண்டு. அவற்றை ஸ்கேன் காட்டும். கட்டியென ஐயுற்றால் மெல்லிய ஊசியால் அணுக்களை எடுத்துச் சோதிப்பர்.

"முதன்முதல் வீங்கியபோதே ஏன் வரவில்லை?" என்று மருத்துவர் வினவினார். யாப்பும் அணியும் கற்பித்த வாய்க்கு விடை எழவில்லை.

தொடக்கத்திலேயே சென்றால் மருத்துவம் எளிது. நிறைய நீர் பருகி, புளிப்பை வாயிலடக்கி, சுரப்பியை முன்னோக்கி நீவினாற் சிறுகல் தானே வெளிவருவதுண்டு. குழாயின் வாயருகே உள்ள கல்லை, இடத்தை மட்டும் மரக்கச் செய்து வாயினுள்ளேயே கீறி எடுப்பர். குழாயினுள் நுண்ணிய கருவியைச் செலுத்திக் கண்டு எடுக்கும் முறையும் 1990-களிலிருந்து வளர்ந்துள்ளது. எமக்கோ காலம் கடந்துவிட்டது. பலமுறை அழற்சியுற்றுச் சுரப்பி கெட்டுப்போயிற்று. ஆதலின் மருந்தாற் சீழைத் தணித்தபின் சுரப்பியையே அகற்றினர். கீழுதட்டை அசைக்கும் நரம்பு அருகிலோடுவதால் தாடைக்கு இருவிரற் கீழே கீறினர். மற்றைச் சுரப்பிகள் இருத்தலின் வாய் வறளவில்லை. ஆயினும் மறைக்க முயன்ற இடத்திலேயே மறையாத தழும்பு நின்றுவிட்டது. சம்பந்தி வீட்டார் அதனைக் கண்டு வினவினர், நடந்ததைக் கூறினோம். "இவ்வளவுதானா?" என்றனர். அவ்வளவுக்குத்தான் ஓராண்டு துண்டு சுற்றினோம்!

அது காசநோயாகவே இருந்திருந்தால் என் செய்திருப்போம்? தாம்பரத்தில் வாழும் நாம் அச்சொல்லுக்கு அஞ்சுதல் தகாது. 1928-இல் டாக்டர் சௌரி முத்து இவ்விடத்தில் காசநோயாளர்க்கு நலவிடுதி நிறுவினார். நம் ரயில் நிலையம் ஒன்று 'சானடோரியம்' என்று பெயர் பெற்றது அதனாலேயே. பின் 1956-இற் சென்னையிற் காசநோய் மருந்தாய்வு நிலையம் தோன்றியது. வீட்டிலிருந்து மருந்துண்பவரும் விடுதியில் தங்குபவரைப் போன்றே குணமடைவர் என்று அந்நிலையம் 1959-இல் உலகுக்கு மெய்ப்பித்தது. இன்று கழுத்து நெறிக் காசநோய்க்குப் பொதுவாக ஆறு திங்கள் மருந்து. அரசு அதனை இலவசமாக வழங்குகிறது. நெறியில் மட்டும் உள்ள காசநோய் பிறருக்குத் தொற்றுவதும் இல்லை. அங்ஙனமிருக்க, கழுத்திற் கட்டியுள்ள பெண்ணைத் திருமணம் முடியும்வரை மறைத்து வைத்தல் அவளுக்குச் செய்யும் நன்மையாகுமா?

ஆகவே நம்மவர்க்குச் சில சொல்வோம். பேசியே பிழைக்கும் ஆசிரியர்களும், வெயிலில் உழைப்போரும் அவ்வப்போது நீர் பருகுக. சளிக்கும் வேறு சில நோய்கட்கும் உண்ணும் மருந்துகள் வாயை உலர்த்துதல் உண்டு. அதனை மருத்துவரிடம் சொல்லுக. இரு வாரம் கடந்தும் தணியாத வீக்கத்தை மருத்துவரிடம் காட்டுக. அருகிற் காட்ட இயலாதார் தாம்பரத்தில் மின்ரயில் ஏறிப் பூங்கா நிலையத்தில் இறங்குக. அருகிலேயே அரசு பொது மருத்துவமனை உளது.

துண்டு தோளுக்கு அழகு, நோயை மூடுவதற்கன்று. இதனை யாம் கற்க ஓராண்டும் ஒரு சுரப்பியும் செலவாயின. நீங்கள் இன்று செலவின்றிக் கற்றுக்கொள்க என வேண்டி அமர்கின்றோம்.