ஆளுக்கு நாலாயிரம்

இந்த வாட்டி பெங்களூரு ரூம்ல இருந்து இல்லை, பாபநாசத்துல எங்க ஆச்சி வீட்டு மொட்டைமாடியில இருந்து பேசுறேன். பின்னாடி கேக்குற சத்தத்தைத் தாமிரபரணின்னு நினைச்சுக்காதீங்க, பக்கத்து வீட்டு மோட்டார்.

நான் பேமெண்ட் சாஃப்ட்வேர் எழுதுற ஆள். நாணய மாற்று விகிதம்னா எனக்கு ஒரு டேபிள்ல இருக்குற எண், அவ்வளவுதான். எங்க சொந்தத்துல ரெண்டு வீடு ஐம்பது வருஷத்துக்கு மேல பேசிக்காம இருந்ததுக்கும் அப்படி ஒரு எண்தான் காரணம்னு போன மாசம்தான் தெரிஞ்சுது.

தாத்தாவும் அவர் தம்பியும் இலங்கையில, ஹட்டன் பக்கம், கூட்டா ஒரு சில்லறைக் கடை வச்சிருந்தாங்க. பங்கு பிரிச்சப்போ ஆளுக்கு 4,000 இலங்கை ரூபாய். தாத்தா 1966 மார்ச்சுல ஊருக்கு வந்தார், கையில 4,000 இந்திய ரூபாய். சின்ன தாத்தா பாக்கி வசூலை முடிச்சுக் கடைக்காரங்ககிட்ட ஒப்படைச்சிட்டு 1967 பொங்கல் கழிச்சு வந்தார். அவர் கையில கிட்டத்தட்ட 6,300. "ஆளுக்கு நாலாயிரம்னுதானல பிரிச்சோம், மிச்சம் எங்கிருந்துல வந்துச்சு?"ன்னு தாத்தா கேட்டார். பேங்க்ல குடுத்தாங்க, வாங்கினேன்னு தம்பி சொன்னார். கடைப் பணத்தை ஒளிச்சுட்டான்னு வீடே முடிவு கட்டிருச்சு.

தாத்தா சந்தேகப்பட்டதுல ஒரு நியாயம் இருந்துச்சு. அது புரியணும்னா கொஞ்சம் பின்னாடி போகணும்.

1872ல இலங்கை ரூபாயைத் தன்னோட பணமா ஏத்துக்கிச்சு. நம்ம ரூபாய்க்கு 16 அணா, அவங்க ரூபாய்க்கு 100 சதம். வித்தியாசம் சில்லறையில மட்டும்தான். வெள்ளி ரூபாய் இந்தியாவுல அடிச்சதேதான். பிரிட்டிஷ் ஆட்சி முடியுற வரைக்கும் இலங்கை ஐம்பது சதத்துக்கு மேல நாணயம் அடிக்கவே இல்லை. 1884ல ஓரியண்டல் வங்கி கவிழ்ந்து, அது வெளியிட்ட நோட்டுகள் ஜனங்க கையில மாட்டிக்கிச்சு. அதுக்கப்புறம் நோட்டு அச்சிடுறதை இலங்கை அரசாங்கமே எடுத்துக்கிச்சு. ஆனாலும் அங்க ஒண்ணுன்னா இங்க ஒண்ணு. எங்க பாஷையில சொன்னா, விகிதத்தை டேபிள்ல வைக்காம '1'ன்னு கோட்லயே எழுதி வச்சுட்டாங்க.

பவுண்டுக்கு எதிரா ரெண்டும் சேர்ந்தேதான் ஏறி இறங்கிச்சு. 1870கள்ல வெள்ளி விலை சரிய ஆரம்பிச்சுது. கிட்டத்தட்ட 2 ஷில்லிங் இருந்த ரூபாயும் சரிஞ்சுது. 1893ல இந்திய நாணயச் சாலைகளைப் பொதுமக்கள் கொண்டுவர்ற வெள்ளிக்கு மூடினாங்க. அப்புறம் 1 ஷில்லிங் 4 பென்ஸ், 1927ல 1 ஷில்லிங் 6 பென்ஸ்னு இந்தியாவுல என்ன முடிவோ அதுதான் இலங்கைக்கும். ரூபாய் சரியும்போதெல்லாம் தோட்டத் துரைமாருக்குக் கொண்டாட்டம். விக்கிறது பவுண்டுல, கூலி ரூபாயில. அந்தக் கூலியை வாங்கினவங்கள்ல நம்ம திருநெல்வேலிச் சீமை ஆட்களும் உண்டு.

1950ல இலங்கை மத்திய வங்கி வந்துச்சு. சுதந்திர நாடு, தனிப் பணம், இருந்தும் ரெண்டு ரூபாயும் டாலருக்கு 4.76தான். 1957ல நாமளும் அணாவை விட்டு நயா பைசாவுக்கு மாறினோம். ஒரு சதம் ஒரு நயா பைசா. தொண்ணூத்துச் சொச்சம் வருஷத்துல கணக்கு அவ்வளவு சுத்தமா ஒத்துப்போனது அந்த ஒன்பது வருஷம்தான். தாத்தா கடை நடத்தினதும் அப்போதான். அவர் மனசுல விகிதம்னு ஒண்ணு இருந்திருக்கவே வாய்ப்பு இல்லை.

1966 ஜூன் 6. இந்திரா காந்தி ஆட்சி, சசீந்திர சௌத்ரி நிதி அமைச்சர். முந்தின வருஷப் போர், மழை பொய்ச்ச வறட்சி, வெளிநாட்டு உதவி குடுக்கிறவங்களோட நெருக்கடி எல்லாம் சேர்ந்து ரூபாய் மதிப்பைக் குறைச்சாங்க. டாலர் 4.76லேருந்து 7.50, பவுண்டு 13.33லேருந்து 21. செய்தியெல்லாம் டாலர்லயும் பவுண்டுலயும்தான் வந்துச்சு. இலங்கை அன்னைக்குத் தன் ரூபாயைத் தொடலை. 7.50ஐ 4.76ஆல வகுத்தா 1.5756. அதை நாலாயிரத்தால பெருக்கினா 6,302.

சின்ன தாத்தா பொய் சொல்லலை.

அதே சமயம் தாத்தாவுக்கு நஷ்டமும் இல்லை. அவர் நாலாயிரத்துக்கு மார்ச்சுல கிடைச்ச நிலம் கிடைச்சுது. தம்பிக்குத்தான் கூட வந்துச்சு, அதுவும் பாக்கி வசூலுக்காக அண்ணன் அவரை அங்க விட்டுட்டு வந்ததால.

இது எங்க வீட்டுக் கதை மட்டும் இல்லை. 1964 அக்டோபர் 30ல சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேரை இந்தியா ஏத்துக்கணும். ஒரு குடும்பம் கொண்டுபோற சொத்துக்கு வைக்கிற உச்சவரம்பு 4,000 ரூபாய்க்குக் கீழ இறங்கக்கூடாதுன்னு அதுல ஒரு வரி இருக்கு. எந்த நாட்டு ரூபாய்னு யோசிக்கத் தேவையில்லாத காலத்துல எழுதின வரி அது. 1967 நவம்பர்ல இலங்கையும் டாலருக்கு 5.95ன்னு குறைச்சுது, அதிகாரபூர்வ விகிதப்படி அந்த நாலாயிரம் 5,042 ஆச்சு. 1977 நவம்பர்ல இலங்கை டாலர் 16 ரூபாய் பக்கம் போச்சு, நம்மது எட்டரை சொச்சம். அதே நாலாயிரம் இங்க ரெண்டாயிரத்துச் சொச்சம். தோட்டத்துல ஒரே லயத்துல இருந்த ரெண்டு குடும்பத்துக்கு, எந்த வருஷம் கப்பல்ல பேர் வந்துச்சுங்கிறதை வச்சு, ஒரே சேமிப்பு வேற வேற தொகை ஆயிருக்கும்.

கணக்கை ஒரு தாள்ல எழுதி ஆச்சிகிட்ட காட்டினேன். ரொம்ப நேரம் பாத்தாங்க. "அப்போ அவன் எடுக்கலியா?"ன்னாங்க. எடுக்கலை ஆச்சின்னேன். "தாத்தா சாகுற வரைக்கும் அதையேல்ல சொல்லிக்கிட்டு இருந்தாவ."

சின்ன தாத்தாவும் இப்போ இல்லை. அவர் மகனுக்கு, எனக்குச் சித்தப்பா முறை, அன்னைக்கு ராத்திரியே போன் பண்ணினேன். முழுசாக் கேட்டுட்டு, "அப்படின்னா அந்தக் கூட வந்த ரெண்டாயிரத்து முந்நூறுல பாதி உங்க தாத்தாவுக்குச் சேர வேண்டியதாடே?"ன்னார். எனக்குப் பதில் தெரியலை. ஸ்பீக்கர்ல கேட்டுக்கிட்டு இருந்த ஆச்சி, "ஆடி அமாவாசைக்குப் படித்துறைக்கு வாரியா, அத சொல்லு மொதல்ல"ன்னு போனை வாங்கிக்கிட்டாங்க.